உள்கோடியில் நாற்பது மூட்டை

அத்தியாயம் 9

குற்றம் செய்தவள் சந்திரம்மா இல்லை. ஆனாலும் அன்று காலை அல்சூர் மெட்ரோ படிக்கட்டில் எதிரே வந்த தமயந்தியைப் பார்த்ததும், முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கியது சந்திரம்மாதான். திட்டியிருக்கலாம். நாலு பேர் காதில் விழுகிற மாதிரி மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். ஒன்றும் செய்யாமல் வழிவிட்டாள். அந்த வழியில் ஏறிப்போய் ரயிலில் உட்கார்ந்த தமயந்தி, இறங்குகிற வரைக்கும் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தமயந்திக்குத் துப்பறிவதுதான் பிழைப்பு. காணாமல் போன கணவன், கள்ளக் காதல் எல்லாம் அவள் தொடுவதில்லை. சரக்கு காணாமல் போனால் அவளைக் கூப்பிடுவார்கள். ஒன்பது நாளைக்கு முன்னால் அவள் கொடுத்த அறிக்கையில், ஜோகுபாளையத்தில் குடியிருக்கும் சுப்பராயன் என்பவரைத் திருடன் என்று எழுதியிருந்தாள். நகரத்துக்குக் கிழக்கே இருக்கும் சரக்கு டெர்மினலில், கன்டெய்னர் கதவுகளில் போட்ட சீல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நாளைக் காலை பதினோரு மணிக்குப் போலீசில் ஒப்படைக்கப் போகிறார்கள். சந்திரம்மா அவர் மனைவி. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தவளிடம், 'கொஞ்ச நாள் வரவேண்டாம்' என்று அங்கேயும் சொல்லிவிட்டார்கள்.

டெர்மினல் வாசலில் ஆண்டனி காத்திருந்தான். தமயந்தியின் உதவியாளன். தினமும் கோலார் தங்கவயலிலிருந்து கே.ஜி.எஃப். ரயிலில் நின்றுகொண்டே வந்து, நின்றுகொண்டே திரும்புகிறவன்.

"நாலு டீ குடிச்சாச்சு மேடம். அஞ்சாவது குடிச்சா கடையில என்னை பார்ட்னரா சேத்துக்கறேன்றாரு."

"சேந்துக்கோ. அங்கயாவது வாயக் கொறச்சுக்குவ."

"இன்னைக்கு எதுக்கு வந்தோம்? அறிக்கைதான் குடுத்தாச்சே."

படிக்கட்டில் ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டாள், அதனால் வந்தேன் என்று எப்படிச் சொல்வது? "ஒரு சின்ன சந்தேகம். உறுதி பண்ணிக்கிட்டா நிம்மதி," என்றாள் தமயந்தி.

விஷயம் இதுதான். ஹொன்னமலை எக்ஸ்போர்ட்ஸ் என்ற கம்பெனி முன்னூற்று இருபது மூட்டைக் காபிக்கொட்டையை ஒரு கன்டெய்னரில் ஏற்றி, தங்கள் கிடங்கிலேயே சீல் வைத்து அனுப்பியது. ராட்டர்டாமில் வாங்கியவர்கள் திறந்து பார்த்தால் நாற்பது மூட்டையில் காபி இல்லை. உமியும் மணலும். சீல் உடையவில்லை. இன்ஷூரன்ஸ் பணம் கேட்க, திருட்டை நிரூபிக்கும் அறிக்கை வேண்டும் என்று கம்பெனி மேனேஜர் ரித்விக் நேராகத் தமயந்தியிடம் வந்தார்.

தமயந்தி வரைபடத்தை விரித்தாள். பெட்டி நாலு டெர்மினலைத் தாண்டிப் போயிருக்கிறது. பெங்களூருக்குக் கடல் கிடையாது, ஆகவே இந்த வெட்டவெளிதான் ஊருக்குத் துறைமுகம். கடலுக்கு முன்னூற்றைம்பது கிலோமீட்டர் இந்தப் பக்கமே கஸ்டம்ஸ் முடிந்து பெட்டி ரயிலேறிவிடும். ரயிலில் இரண்டிரண்டு பெட்டியாகக் கதவும் கதவும் முட்டுகிற மாதிரி வைப்பார்கள், நடுவில் விரல்கூட நுழையாது. சென்னையில் கிரேன் அப்படியே தூக்கிக் கப்பலில் வைத்துவிடுகிறது. கொழும்பு டெர்மினல் நம் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு மாதிரி, ஒரு கப்பலில் இறங்கி இன்னொரு கப்பலுக்குக் காத்திருக்கும் இடம். அங்கே அஞ்சு அடுக்கு உயரத்தில் கிடந்த பெட்டியை யார் போய்த் திறப்பது? ராட்டர்டாமில் யார்டுக்குள் மனிதனே கிடையாது, டிரைவர் இல்லாத வண்டிகள் தாமாக ஓடுகின்றன. மிச்சம் எது? பெங்களூர். இங்கேதான் பெட்டி நாலு நாள் கிடந்தது. இங்கேதான் ஆள் நடமாட்டம். 'மனிதக் கை படும் ஒரே இடம் இது. ஆகவே திருட்டு நடந்த இடமும் இதுவே' என்று ஆங்கிலத்தில் எழுதினாள். கூடவே, ரித்விக் டெர்மினலில் கேட்டு வாங்கி அனுப்பிய இரண்டு நிமிஷ கேமரா காட்சி. சுப்பராயன் அந்தப் பெட்டியின் சீலைப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கிட்டே வைத்து நிற்கிறார். அதற்கப்புறம் அரை மணி நேரம், நடுவில் காலிப் பெட்டிகள் வந்து மறைத்ததால் கேமராவுக்கு அந்தப் பெட்டி மட்டும் தெரியவில்லை. அந்த அரை மணியில் வேலை முடிந்தது, டூப்ளிகேட் சீல் போட்டார்கள் என்று முடித்துவிட்டாள். ரித்விக் படித்துவிட்டுக் கை தட்டினார்.

ஆண்டனி மட்டும் அன்றைக்கே முனகினான். "நம்ம ஊர்ல மனுசன் வேலை செய்யறதே குத்தம்ன்ற மாதிரி இருக்கு மேடம்."

"உங்க கே.ஜி.எஃப். ஆளுன்னதும் பொத்துக்கிட்டு வருதா உனக்கு?" என்று கேட்டாள் தமயந்தி. அதற்குப் பிறகு அன்று முழுக்க அவன் வாயிலிருந்து ஒரு ஜோக்கும் வரவில்லை.

அது ஒன்றும் வாய் தவறி வந்த வார்த்தை இல்லை. சுப்பராயன் தமிழ், ஆண்டனியைப் போலவே கே.ஜி.எஃப். பக்கம். அவளும் தமிழ். பெங்களூரில் பிறந்து வளர்ந்து, பெரிய மேஜைகளுக்கு எதிரே உட்கார்ந்து தொழில் செய்கிறவளுக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. தன் ஆளைக் காப்பாற்றிவிட்டாள் என்று யாராவது சொல்லிவிட்டால்? அந்த ஒரு பேச்சு வரக்கூடாது என்று, விசாரணையன்று தன்னைவிட எட்டு வயது மூத்தவரை எல்லார் முன்னாலும் 'நீ' என்றாள். கன்னடக்கார கிளார்க்கை 'நீங்க' என்றாள். இதை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் காது சூடாகிறது.

"அந்த அரை மணியில நாப்பது மூட்டை எறக்கி ஏத்த முடியுமான்னு கேக்கணும். நான் குத்துமதிப்பா எழுதிட்டேன்," என்றாள் ஆண்டனியிடம், டெர்மினலுக்குள் நடந்துகொண்டே.

"யாரைக் கேக்கறது?"

"மூட்டை ஏத்தறவங்களைத்தான்."

தனலக்ஷ்மி ஷெட்டுக்குள் இருந்தாள். சொந்தக் கிடங்கு இல்லாத வியாபாரிகளின் சரக்கை இங்கேயே பெட்டியில் ஏற்றிக் கொடுக்கும் ஆட்களுக்கு அவள்தான் மேஸ்திரி. இருபது வருஷ அனுபவம், இருபது பேரை அடக்கும் தொண்டை. தமயந்தியைப் பார்த்ததும் அந்தத் தொண்டை மூடிக்கொண்டது. ஆண்டனிதான் பேச்சை எடுத்தான்.

"அக்கா, ஒரு கணக்கு. நாலு ஆளு. நாப்பது மூட்டை. எறக்கி, வேற நாப்பது ஏத்தணும். எவ்ளோ நேரம்?"

"கதவுகிட்டன்னா இருவது நிமிசம். பசங்க நல்லா சாப்ட்டிருந்தா பதினஞ்சு."

தமயந்திக்கு நிம்மதியானது. அப்பாடா, எழுதியது சரிதான். "அவ்ளோதான் தனலக்ஷ்மி. தேங்க்ஸ்," என்று திரும்பினாள்.

"எந்த வரிசைல இருந்துச்சு?" என்றாள் தனலக்ஷ்மி.

"என்னது?"

"பெட்டிக்குள்ள எட்டு வரிசை வரும் மேடம். தரையிலர்ந்து கூரை வரைக்கும் ஒரு வரிசைக்கு நாப்பது மூட்டை. கெட்ட சரக்கு நாப்பதுன்னா அது ஒரு முழு வரிசை. எந்த வரிசைன்னு கேக்கறேன். கதவுகிட்டயா, நடுவுலயா, உள்கோடியிலயா?"

தமயந்தி நின்றாள். இத்தனை நாளாக இந்தக் கேஸைத் தலையில் சுமக்கிறாள். வரைபடம், கப்பல் தேதி, ரயில் நம்பர் எல்லாம் மனப்பாடம். இதை அவள் கேட்கவே இல்லை. ராட்டர்டாமிலிருந்து வந்த போட்டோவில் நாற்பது மூட்டையும் கிடங்குத் தரையில் தனியாக அடுக்கியிருந்தது. பெட்டிக்குள் எங்கே இருந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. மெஷின் இருக்கும் ஊரில் கேள்வி எதற்கு என்று இருந்துவிட்டாள்.

"தெரியலை," என்றாள்.

"உள்கோடின்னா, முன்னாடி இருக்கற இருநூத்தி எம்பதையும் வெளிய எடுக்கணும். திரும்ப அடுக்கணும். எட்டு பேரு இருந்தாலும் அரை நாள் வேலை. அது இந்த யார்டுல நடந்தா நாய்க்குக்கூட தெரியும்."

ராட்டர்டாமில் அப்போதுதான் விடிந்திருந்தது. காபியை வாங்கிய கிடங்குக்கு ஆண்டனி போன் போட்டான். எடுத்த பெண் தூக்கக் கலக்கத்திலும் மரியாதையாகப் பேசினாள். பெட்டி திறந்தது முதல் கடைசி மூட்டை வரைக்கும் வீடியோ எடுத்து வைப்பது அவர்கள் வழக்கமாம். நீங்கள் கேட்கவில்லையே, கேட்டிருந்தால் அன்றே அனுப்பியிருப்போமே என்றாள். பத்து நிமிஷத்தில் அனுப்பினாள்.

ஷெட்டு நிழலில் நின்று மூன்று பேரும் ஆண்டனியின் போனில் பார்த்தார்கள். முதல் வரிசை காபி. இரண்டாவது காபி. ஆண்டனி ஓட்டி ஓட்டிப் பார்த்தான். ஏழாவது வரையில் காபிதான். கடைசியாக, பெட்டியின் உள்கோடித் தகரச் சுவரை ஒட்டி இருந்த மூட்டையைத் தூக்கும்போது ஒன்று கிழிந்து மணல் கொட்டியது.

"மேடம்," என்றான் ஆண்டனி. "இத பெங்களூர்ல மாத்தணும்னா சுப்பராயனுக்குப் பத்து கை வேணும். இல்லன்னா பின்பக்கச் சுவத்துல ஒரு வாசல் வேணும்."

பெட்டியில் முதலில் ஏறியது அந்த நாற்பதுதான். அதற்கு ஒரே இடம்தான் உண்டு. பெட்டியை ஏற்றி சீல் வைத்த ஹொன்னமலைக் கிடங்கு.

மாடியில் டெர்மினல் மேனேஜர் சுந்தரேசனின் அறைக்கு இரண்டு இரண்டு படியாக ஏறினாள். சுப்பராயன் அந்தப் பெட்டியைப் பார்த்த நாளின் கேமரா பதிவு முழுசாக வேண்டும் என்றாள். ரித்விக் வெட்டி அனுப்பிய இரண்டு நிமிஷம் இல்லை, முழு மாலையும். சுந்தரேசன் சலித்துக்கொண்டே போட்டு, வேகமாக ஓட்டிக் காட்டினார். திரையில் சுப்பராயன் ஒரு பெட்டியிடம் போகிறார், சீலைப் பிடிக்கிறார், முகத்தைக் கிட்டே வைக்கிறார், நோட்டில் எழுதுகிறார். அடுத்த பெட்டி. அதேதான். அதற்கடுத்தது. அறுபத்தொரு பெட்டி, ஒன்றுக்கும் இரண்டு நிமிஷத்துக்குக் குறையவில்லை.

"ஏன் இப்படிப் பாக்கறாரு?"

"வெயில்ல ஸ்கேனர் நம்பரைப் படிக்காது மேடம். மத்தவங்க சீலைப் பாக்காமலே ஏதோ நம்பரை அடிச்சு விட்ருவாங்க. இவர் ஒருத்தர்தான் கண்ணால படிச்சு எழுதுவார். இங்க இருக்கறதுலயே ஒழுங்கான ஆள்," என்றார் சுந்தரேசன்.

"இத அன்னைக்கே ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே. அதுவுமில்லாம, அறிக்கை ரொம்ப உறுதியா இருந்தது."

தமயந்தி திரையை நிறுத்தச் சொன்னாள். ஒழுங்காக வேலை செய்ததைத்தான் திருட்டு என்று எழுதியிருக்கிறாள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. ஆனால் இன்னும் ஒரு கேள்வி பாக்கி.

"ஹொன்னமலையோட பெட்டி இங்க எத்தனை வந்திருக்கு?"

சுந்தரேசன் கம்ப்யூட்டரைத் தட்டினார். "ரெண்டு வருஷத்துல ஒண்ணு. இது மட்டும்தான். அவங்க லாரிலயே நேரா சென்னைக்கு அனுப்பிடுவாங்க."

"அந்த ஒண்ணையும் ரயிலுக்கு நாலு நாள் முன்னாடியே கொண்டாந்து போட்ருக்காங்க," என்றான் ஆண்டனி, அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து. "மனுசங்க நடமாடற எடமா பாத்து வெச்சிருக்காரு மேடம் ரித்விக். சந்தேகப்பட ஆள் வேணும்ல."

தமயந்தி வீடியோவையும் பதிவேட்டையும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் முதலில் அனுப்பினாள். பிறகுதான் ரித்விக்குக்குப் போன் போட்டாள். உள்கோடி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் ஆங்கிலத்துக்கு மாறினார். குரல் பதறவே இல்லை.

"அறிக்கை உங்களோடது மேடம். கையெழுத்தும் உங்களோடது. இப்ப மாத்தி எழுதினா கெடறது உங்க பேருதான். தமிழாளுங்கன்னா நீங்க ரெண்டு மடங்கு கறாரா இருப்பீங்கன்னு சொன்னாங்க. அதைக் கேட்டுட்டுத்தானே உங்களைத் தேடி வந்தோம்."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், அறையில் எல்லாருக்கும் கேட்டது. ஆண்டனி மெதுவாகச் சொன்னான்: "பெட்டிக்கு எடம் பாத்த மாதிரியே நம்மளையும் பாத்து எடுத்திருக்காரு."

"நம்மளை இல்ல. என்னை," என்றாள்.

சுந்தரேசன் தொண்டையைக் கனைத்தார். "சத்தமில்லாம முடிச்சிடலாம் மேடம். ஒரு லெட்டர் குடுத்து, ரெண்டு மணி ஷிப்டுக்கே அவரை வரச் சொல்லிடறேன். எல்லாருக்கும் மரியாதை."

எல்லாருக்கும் என்றால் யாருக்கு? தமயந்தி அதைக் கேட்காமல் படியிறங்கினாள்.

ஜோகுபாளையத்தில் ஆட்டோ நுழையாத சந்து அது. சுப்பராயன் தெருக்குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்தார். பகல் பன்னிரண்டு மணிக்கு, வேலைக்குப் போகிற ஆண்பிள்ளை யாரும் தெருவில் இல்லாத நேரத்தில், அவர் ஒருத்தர் பனியனோடு நிற்பதை இரண்டு பக்கத்து ஜன்னல்களும் பார்த்துக்கொண்டிருந்தன. தமயந்தியைக் கண்டு அவர் குழாயை மூடினார். வாசலில் சந்திரம்மா வந்து நின்றாள்.

"உள்ள பேசலாமா?" என்றாள் தமயந்தி.

"இங்கயே சொல்லுங்க. போனவாட்டியும் வெளிய வெச்சுத்தானே சொன்னீங்க," என்றார் சுப்பராயன்.

சொன்னாள். உள்கோடி வரிசை, வீடியோ, ரித்விக், நாளைக்குப் போலீஸ் வராது, இன்றே வேலைக்கு வரலாம். "நான் எழுதினது தப்புங்க. நீங்க ஒண்ணும் செய்யலை," என்றாள்.

சந்திரம்மா கேட்டாள், "தெரியாமத்தான் எழுதினியாம்மா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த இடத்தில் முடிந்திருக்கும். நாக்கு நுனியில் அதுதான் இருந்தது. தமயந்தி அதை விழுங்கினாள்.

"தெரிஞ்சுக்க முயற்சி பண்ணலை. தமிழாளுன்னு விட்டுட்டேன்னு யாராவது சொல்லிடுவாங்கன்னு பயம். அதனால உங்ககிட்ட கூடுதலா கடுமையா இருந்தேன்."

சுப்பராயன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபத்தில் கத்துவார் என்று நினைத்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"உங்க பயத்துக்கு நானாம்மா கெடைச்சேன்?" என்றார்.

ஆண்டனி தரையைப் பார்த்தான்.

"மேனேஜர் லெட்டர் தர்றேன்னாரு," என்றாள் தமயந்தி.

"லெட்டர நெத்தில ஒட்டிக்கிட்டு நடக்கவா? அன்னைக்கு வாசல் கேட்டுல அத்தினி பேர் முன்னாடி என் பையைக் கவுத்துக் கொட்டினாங்க. சோத்து டப்பாவையும் தெறந்து பாத்தாங்க. நீங்களும் நின்னுக்கிட்டுதானே இருந்தீங்க. அதே எடத்துல நின்னு சொல்லுங்க. அப்பறம் வர்றேன்."

"மேடம், சுந்தரேசன் சார் ஒத்துக்க மாட்டாரு," என்று ஆண்டனி காதில் சொன்னான். "விஷயம் வெளிய போனா நம்மகிட்டயும் இனிமே யாரும் கேஸ் தர மாட்டாங்க."

"உனக்குத்தான் டீக்கடை இருக்கே," என்றாள் தமயந்தி.

இரண்டு மணி. ஒரு ஷிப்டு வெளியே வர, இன்னொரு ஷிப்டு உள்ளே போக, கேட்டருகே அறுபது பேருக்கு மேல். தனலக்ஷ்மி தன் ஆட்களையும் கூட்டிவந்து நிறுத்தியிருந்தாள். சுந்தரேசன் மாடி ஜன்னலில் நின்று, இறங்கி வராமல் இருந்தார். சுப்பராயன் யூனிபாரம் போட்டுக்கொண்டு, பையோடு ஓரமாக நின்றார்.

தமயந்தி அறிக்கையை எடுத்தாள். அதில் அவரைப் பற்றி எழுதியதைத் தமிழில் சொன்னாள். அது பொய் என்றாள். எப்படிப் பொய் என்று மூட்டைக் கணக்கோடு சொன்னாள். எழுதியது தான் என்றாள். முடித்துவிட்டோம் என்று காகிதத்தை மடிக்கப் போனாள்.

"கன்னடத்துலயும் சொல்லுங்கம்மா," என்றார் சுப்பராயன். "என்கூட வேலை செய்யறவங்க பாதிப் பேரு கன்னடக்காரங்க. அவங்களுக்கும் தெரியணும்."

கடைத்தெருவில், பஸ்ஸில், ஆபீசில் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடாக வரும் பாஷை. எந்த முகங்கள் தன்னை என்ன நினைக்குமோ என்று இத்தனை வருஷம் பயந்தாளோ, அந்த முகங்களெல்லாம் எதிரே இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அவளைக் குற்றம் சொல்லவில்லை. சுப்பராயனோடு பத்து வருஷம் டிபன் பங்கு போட்ட முகங்கள். அவர் என்ன ஆனார் என்று தெரிந்துகொள்ளத்தான் நின்றுகொண்டிருந்தன. இவர்களுக்கா பயந்தேன் என்று நினைத்தாள்.

"இவரு கள்ள அல்ல," என்றாள். "தப்பு நந்து." இவர் திருடர் இல்லை, தவறு என்னுடையது. அவ்வளவுதான் வந்தது. யாரோ ஒரு கன்னடக்காரர் சுப்பராயனிடம் போய் அவர் தோளில் கை வைத்தார்.

கூட்டம் கலைந்தது. சுப்பராயன் அவளைத் தாண்டி கேட்டுக்கு நடந்தார். வாசல் காவலாளி வெட்கப்பட்டுக்கொண்டே எழுந்து, "நீங்க போங்கண்ணா, பையெல்லாம் பாக்க வேணாம்," என்றான்.

சுப்பராயன் போகவில்லை. பையை மேஜையில் வைத்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். துண்டு, கண்ணாடிக் கூடு, நோட்டு. கடைசியில் சோற்று டப்பாவையும் திறந்து, காவலாளி குனிந்து பார்க்கும்வரை காத்திருந்து, மூடிக்கொண்டு உள்ளே போனார்.